குனிந்து பிழைத்த செர்ரி

மே மாதம் மண் இளகியதும் எங்கள் நாற்றுப்பண்ணைக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அவர்களில் கனபேர் கேட்பது செர்ரி மரம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்தோ ஒன்டாரியோவிலிருந்தோ சஸ்கட்டூனுக்குக் குடிவந்தவர்கள் என்றால் கட்டாயம் கேட்பார்கள். ஏணி வைத்து ஏறிப் பழம் பறிக்கிற மரம், கீழே கதிரை போட்டு இருக்க நிழல் என்று ஒரு படம் அவர்கள் மனதில் இருக்கும். நான் காட்டுவதோ சட்டியில் முழங்கால் உயரம் நிற்கிற ஒரு பற்றை. "இது வளர்ந்தால்?" என்பார்கள். வளர்ந்தாலும் உங்கள் தலைக்கு மேல் ஒரு முழம்தான் போகும் என்பேன். முகம் சுருங்கிவிடும். அந்தப் பற்றைக்குப் பின்னால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வேலை இருக்கிறது. பின்னால் வரிசை நிற்கும்போது அதைச் சொல்லி முடிக்க ஏலாது. இங்கே சொல்கிறேன்.

முதலில் குளிரைப் பற்றி. 1893 பெப்ரவரி 1ஆம் தேதி சஸ்கட்டூனில் பதிவானது மைனஸ் 50 பாகை செல்சியஸ். அது இன்றுவரை முறியாத அளவு. ஆனால் மைனஸ் 35 பெரும்பாலான குளிர்காலங்களில் ஒருமுறையாவது எட்டிப் பார்க்கும். மைனஸ் 40உம் அபூர்வம் அல்ல. கடையில் விற்கிற பெரிய இனிப்புச் செர்ரியின் பூமொட்டுகள் மைனஸ் 25, 30 பாகைக்குள்ளேயே கருகிவிடும். அதற்குக் கீழே போனால் கிளை, பிறகு தண்டு. வசந்தத்தில் பெருவிரல் நகத்தால் தோலைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தாலே தெரியும். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. மண்ணிறம் என்றால் கத்தரிக்கோலை எடுக்கவேண்டியதுதான்.

மரத்துக்குள் இருக்கிற நீர் பூச்சியத்தில் உறைந்துவிடுவதில்லை. கிளையின் உயிருள்ள செல்களில் உள்ள நீருக்கு, பனிக்கட்டியாகத் திரள ஏதாவது ஒரு துகள் அகப்படாதவரை, அது திரவமாகவே இருந்து மேலும் மேலும் குளிரும். மரம் இப்படித்தான் பெரும் குளிரைத் தாண்டுகிறது. ஆனால் மைனஸ் 38, 40 பாகையளவில் இதற்கு முடிவு வந்துவிடும். அந்த இடத்தில் தூய நீர் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் ஒரே கணத்தில் உறையும், செல் செத்துப்போகும். 1970களில் தாவர உடலியலாளர்கள் இதை ஆய்வுகூடத்தில் அளந்தார்கள். வட அமெரிக்காவின் பல இலையுதிர் மரங்களின் வடக்கு எல்லை இந்த மைனஸ் 40ஐ ஒட்டியே போவதையும் கண்டார்கள். ஆக, எங்கள் ஊர் நிற்பது பேரம் பேச இடமில்லாத ஒரு கோட்டின்மேல். எருப் போடுவதாலும் தண்டுக்குச் சாக்குச் சுற்றுவதாலும் இயற்பியலை மாற்ற முடியாது.

இந்தப் புல்வெளியில் செர்ரியே இல்லாமல் இருந்ததும் இல்லை. சோக்செர்ரி என்கிற துவர்ப்புச் செர்ரி ஆற்றங்கரைகளில் தானாக வளர்கிறது. கிரீ மக்களும் சமவெளியின் மற்றப் பழங்குடிகளும் அதை விதையோடு கல்லில் இடித்து, அடை தட்டி, வெயிலில் காயவைத்துக் குளிர்காலத்துக்கு வைத்தார்கள். விதையில் சயனைடு உண்டு. இடித்துக் காயவைப்பதில் அந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும். குடியேறிய ஐரோப்பியர்களுக்கு இது செர்ரியாகவே தோன்றவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது தங்கள் ஊரில் விட்டுவந்த பழம்.

அந்தப் பழத்தைத் தேடி ரஷ்யாவுக்குப் போன இருவரிடமிருந்து வரலாற்றைத் தொடங்கலாம். 1882இல் அயோவா விவசாயக் கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் பட், கியூபெக் மாகாணத்தின் ஆபட்ஸ்ஃபோர்டில் பழத்தோட்டம் வைத்திருந்த சார்ல்ஸ் கிப் இருவரும் குளிர் தாங்கும் பழ வகைகளுக்காக ரஷ்யா முழுதும் சுற்றினார்கள். மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கன்றுகள் அமெரிக்க உட்பகுதியின் குளிரில் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. கடற்கரைக் காலநிலையில் வளர்ந்ததை விட்டுவிட்டு, கண்டத்தின் நடுவே வளர்ந்ததைத் தேடவேண்டும் என்று பட் வாதிட்டார். சரியான வாதம். மாஸ்கோவுக்குக் கிழக்கே விளாதிமிர் என்ற பழைய நகரம் செர்ரிக்குப் பேர்போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இளவரசர் அந்திரேய் பகல்யூப்ஸ்கி கீவிலிருந்து செர்ரியைக் கொண்டுவந்தார் என்று அங்கே ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த ஊரார் செர்ரியை வளர்த்த விதம் உண்மை. ஒற்றைத் தண்டு மரமாக இல்லாமல், அடியிலிருந்தே பல தண்டு விடுகிற பற்றையாக வைத்தார்கள். வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிடுங்கி நட்டே பெருக்கினார்கள். கடும் குளிரில் பனிக்கு மேலே இருந்த பகுதி செத்தாலும் பனிக்குக் கீழே இருந்தது பிழைக்கும்; ஓரிரு ஆண்டில் திரும்பவும் காய்க்கும்.

பட் விளாதிமிர் செர்ரியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார், பரப்பினார். அது பெரிதாக வெல்லவில்லை. பழம் சிறியது, விளைச்சல் குறைவு என்று பழ நூல்கள் காரணம் எழுதும். நாற்றுப்பண்ணைக்காரனான என் கணிப்பு கொஞ்சம் வேறு. அமெரிக்கப் பண்ணைகளின் வழக்கம் ஒட்டுக் கட்டுவது: மகலெப் போன்ற வேறொரு செர்ரியின் வேரில், தண்டு ஒன்றாக, மரமாக. அப்படிக் கட்டிய செர்ரியின் மேற்பகுதி குளிரில் செத்தால் கீழிருந்து துளிர்ப்பது மகலெப், விளாதிமிர் அல்ல. விளாதிமிர்க்காரர்களின் பழத்தைக் கொண்டுவந்தார்கள். அதை வளர்த்த முறையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். கிப் இந்தக் கணக்கின் முடிவைப் பார்க்க இருக்கவில்லை. குளிர்நாட்டுப் பழங்களுக்காக அலைந்த அந்த மனிதர் 1890இல் கெய்ரோவில், பயணத்தின் நடுவே காலமானார்.

பட்டின் மாணவர் நீல்ஸ் ஹான்சன் வேறு வழியில் போனார். டென்மார்க்கில் பிறந்து தெற்கு டகோட்டாவின் புரூக்கிங்ஸில் பேராசிரியராக இருந்தவர். 1897இல் அமெரிக்க விவசாயத் துறை அவரை ரஷ்யாவுக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பியது. அவர் கொண்டுவந்த சைபீரியக் குதிரைமசால் என்கிற தீவனப்பயிர் புகழ்பெற்றது. பழத்தில் அவர் நம்பியது உள்ளூர்ச் செடி ஒன்றை: மணல் செர்ரி. இடுப்பளவு உயரம், மணற்பாங்கான சமவெளியில் தானாக வளர்வது. அதை ஜப்பானியப் பிளம்மோடு கலந்து ஓபாட்டா, சாபா என்று டகோட்டா மொழிப் பெயர்கள் வைத்து வெளியிட்டார். இன்றும் எங்களிடம் அந்த வழியில் வந்த செடிகள் விற்பனைக்கு உண்டு. நல்ல பழம்தான். ஆனால் செர்ரி என்று சொல்லி விற்க எனக்கு மனம் வருவதில்லை. மணல் செர்ரி உறவுமுறையில் பிளம் பக்கம் சேர்ந்தது. உண்மையான செர்ரியோடு கலக்காது. அந்தக் கதவு அப்படியே மூடிக்கொண்டது.

இதே காலத்தில் ரஷ்யாவின் கஸ்லோவ் நகரத்தில் ஒரு ரயில்வே எழுத்தர் செர்ரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவான் மிச்சூரின். 1855இல் பிறந்தவர். மணிக்கூடு திருத்தி மேல்வருமானம் தேடி, 1875 முதல் வாடகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலத்தில் பழக்கன்றுகள் வைத்தார். அப்போது மாஸ்கோவில் கிரெல் என்பவர் பரப்பிய கொள்கை ஒன்று செல்வாக்கோடு இருந்தது: தெற்கத்திய வகையை வடக்கத்திய வேரில் ஒட்டினால் மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகிவிடும். மிச்சூரின் நம்பினார்; ஆண்டுக்கணக்கில் ஒட்டினார். ஒரு கடுங்குளிர் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோனது. பழக்கம் என்பது மனிதருக்குத்தான், மொட்டுக்கு இல்லை என்று அவர் கற்றுக்கொண்ட விலை அது. அதன் பிறகு தூர தேசத்துப் பெற்றோரைக் கலந்து விதையிலிருந்து புது வகை எடுப்பதே வழி என்று திரும்பினார். 1888இல் விளாதிமிர் செர்ரியையும் வெள்ளை இனிப்புச் செர்ரி ஒன்றையும் கலந்து 'வடக்கின் அழகி'யை உண்டாக்கினார். 1900இல், கொழுத்த மண் நாற்றுகளைக் கெடுக்கிறது என்று சொல்லி, தோட்டத்தையே ஆற்றோரத்து வறண்ட மண்ணுக்கு மாற்றினார். இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் ஆடி மாதத்துக்குப் பிறகு செர்ரிக்கு உரம் வைக்காதீர்கள் என்று நான் தினமும் சொல்வதும் அதே காரணத்தால்தான். தின்று கொழுத்த செடி இலையுதிர் காலத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும். தண்டு முற்றாமலே குளிர் வந்துவிடும்.

மிச்சூரினின் செர்ரிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒன்று. 'ஐடியல்' என்று பெயர். பெற்றோரில் ஒன்று வட அமெரிக்கக் காட்டுச் செர்ரி. மற்றது புல்வெளிச் செர்ரி. மத்திய ஐரோப்பாவிலிருந்து மேற்குச் சைபீரியா வரை ஸ்டெப்பிச் சமவெளிகளில் படர்ந்து கிடக்கிற சிறு பற்றை இது. பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு மேல் எழும்பாது. வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே போகும். பழம் சிறியது, துவர்ப்பு. ஆனால் குளிர் அதை அசைப்பதில்லை. முதல் காரணம் அது சீக்கிரம் வளர்ச்சியை நிறுத்தித் தூங்கப் போய்விடுகிறது. இரண்டாவது அதன் உயரம். வெளியே மைனஸ் 40 இருக்கும்போது, அரை மீற்றர் பனிக்கு அடியில் மண்ணை ஒட்டிய இடம் இருபது பாகைக்கு மேல் சூடாக இருக்கும். பனியை நாங்கள் குளிர் என்று நினைக்கிறோம். செடிக்கு அதுதான் கம்பளி.

சோவியத் நூல்கள் மிச்சூரினைக் கொண்டாடிய விதம் தனிக் கதை. ஒரு கொடுங்குளிருக்குப் பிறகு கனடாவில் பிழைத்த ஒரே செர்ரி அவருடையதுதான் என்று கனேடிய விவசாயிகள் மாநாடு அறிவித்ததாக எழுதினார்கள். சமவெளியில் செர்ரித் தோட்டம் என்றே ஒன்று இல்லாத காலத்தில்! 1932இல் கஸ்லோவ் நகரம் மிச்சூரின்ஸ்க் ஆனது. அவர் 1935இல் இறந்த பிறகு, சோவியத் வேளாண்மையாளர் லிசென்கோ அவருடைய பெயரைக் கொடியாகப் பிடித்து மரபியலையே நாட்டைவிட்டுத் துரத்தினார். தோட்டக்காரன் ஒருவனின் பொறுமையைக் கொண்டுபோய் ஆய்வாளர்களைச் சிறைக்கு அனுப்பப் பயன்படுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் கசக்கும்.

அந்தக் கூச்சல்களுக்கு அப்பால் சைபீரியாவில் அமைதியான வேலை நடந்தது. ஓம்ஸ்கில் கிசூரின் என்பவர், பழமரங்களை நிமிரவிடாமல் கிளைகளைத் தரையோடு வளைத்துப் படுக்கவைத்து, பனி மூடும்படி வளர்த்துக் காட்டினார். அல்தாய் மலையடிவாரத்தில் 1933இல் மிஹயீல் லிசவென்கோ தொடங்கிய நிலையம் புல்வெளிச் செர்ரியைக் கையில் எடுத்தது. தேர்ந்து, கலந்து, பழம் பெருத்த பற்றைச் செர்ரிகளை வெளியிட்டது. சைபீரியாவின் கோடைக்குடில்கள் பலவற்றில் இன்றும் நிற்பவை அவைதான்.

இனி எங்கள் ஊர். சஸ்கட்டூனின் வடகிழக்குக் கோடியில், இன்று பூங்காவும் விலங்குக்காட்சிச் சாலையுமாக இருக்கிற இடத்தில், 1913இல் கனடா அரசு சதர்லாண்ட் வன நாற்றுப்பண்ணையைத் தொடங்கியது. வேலை பழம் அல்ல, காற்றுத் தடுப்பு. மரமில்லாத சமவெளியில் விவசாயிகள் வீட்டைச் சுற்றி நட அரசு கன்று கொடுத்தது. கராகானா, சாம்பல் மரம், மானிட்டோபா மேப்பிள் என்று 1960களின் நடுவில் பண்ணை மூடப்படும்வரை பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கன்றுகள் இங்கிருந்து போயின. 1930களின் புழுதிப்புயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மரங்கள் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

1942இல் இந்தப் பண்ணைக்குப் பொறுப்பாக வந்தவர் லெஸ் கெர். அதற்கு முன் மானிட்டோபாவின் மோர்டன் ஆய்வு நிலையத்தில் இருந்தவர். அங்கே அவர் கலந்து எடுத்த சிற்றாப்பிள் ஒன்றுக்கு அவர் பெயரே இருக்கிறது. சதர்லாண்டில் அவருடைய சம்பளம் காற்றுத் தடுப்பு மரங்களுக்கு; பழம் அவர் கைவிடாத இரண்டாவது வேலை. 1940களில் அவர் புல்வெளிச் செர்ரியையும் ஐரோப்பியப் புளிச்செர்ரியையும் கலந்தார்.

இந்தக் கலப்பு ஏன் கைகூடியது என்பதில் ஒரு அழகு இருக்கிறது. இனிப்புச் செர்ரிக்குக் குரோமோசோம் 16. புல்வெளிச் செர்ரிக்கு 32. புளிச்செர்ரிக்கும் 32, ஏனென்றால் அது முன்னொரு காலத்தில் இனிப்புச் செர்ரியும் புல்வெளிச் செர்ரியும் தாமாகக் கலந்து பிறந்தது. கெர் செய்தது அந்நியரைச் சேர்த்துவைத்த வேலை அல்ல. விலகிப்போன சொந்தத்தில் திரும்பச் சம்பந்தம் வைத்தது. அதனால் பிள்ளைகள் மலடாகவில்லை. அவற்றைத் திரும்பவும் நல்ல புளிச்செர்ரியோடு கலக்க முடிந்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் விதை முளைத்துக் காய்க்க நான்கைந்து ஆண்டு. நடுவில் ஒரு மைனஸ் 40 வந்து தகுதியில்லாததைக் கழித்துவிடும். தாங்குகிறதா என்று பார்க்க இங்கே குளிரூட்டி தேவையில்லை.

கெர் ஓய்வுபெற்ற பிறகும் இதை விடவில்லை. முதுமையில், 1983இல், தம்முடைய செர்ரிகளைச் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் ஸ்டுவர்ட் நெல்சனிடம் ஒப்படைத்தார். அந்த ஒப்படைப்பு நடந்திராவிட்டால், வீடு கைமாறும்போது புல்டோசர் அவற்றை ஒரு மதியத்தில் முடித்திருக்கும். இந்தத் தொழிலில் அப்படி அழிந்தவை எத்தனையோ. பல்கலைக்கழகத்தில் ரிக் சவாட்ஸ்கி என்ற தொழில்நுட்பவியலாளர் அவற்றை ஆண்டுக்கணக்கில் பேணித் தேர்ந்தார். பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். செடிக்கு ஆண்டுதோறும் கத்தரிக்கோலோடு வருகிற ஒரு ஆள் வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகம் 1950இல் வெளியிட்ட நார்த் ஸ்டார் என்ற குட்டைப் புளிச்செர்ரி கெரின் தேர்வு ஒன்றோடு சேர்க்கப்பட்டது. அந்தக் கலப்பில் வந்ததுதான் கார்மைன் ஜுவல். 1999இல் வெளியானது. அதே ஆண்டு பழத்திட்டத்துக்குப் பொறுப்பேற்ற பாப் போர்ஸ், அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் ஐந்தை வெளியிட்டார்: ரோமியோ, ஜூலியட், கியூப்பிட், வாலன்டைன், கிரிம்சன் பேஷன். பெயர்கள் சினிமாத்தனமாக இருக்கின்றன என்று முகம் சுளிப்பேன். ஆனால் எண்ணிட்டு வைத்திருந்தால் ஒருவரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கார்மைன் ஜுவல் இரண்டு மீற்றர் உயரம். யூலைக் கடைசியில் பழுக்கும். கறுப்பென்று சொல்லத்தக்க சிவப்பு. கையில் பட்டால் நாலைந்து நாளைக்குப் போகாது. ஜூலியட் அதற்குச் சற்றுப் பிந்தும், இன்னும் இனிக்கும். கிரிம்சன் பேஷனில் சர்க்கரை மற்றவற்றைவிடக் கூட, ஆனால் குளிரில் கொஞ்சம் நோஞ்சான். எல்லாமே அடிப்படையில் புளிச்செர்ரிதான். அரைப்பழமாக இருக்கும்போது உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றால், அம்மா நெல்லிக்காய்க்கு எதற்கு ஏங்கினார் என்று எங்கள் பிள்ளைகளுக்கே விளங்குகிறது. இங்குள்ள வெள்ளைக்காரர்கள் செர்ரிப் பை சுடுகிறார்கள், வைன் வடிக்கிறார்கள்.

இவை எல்லாம் சொந்த வேரில் நிற்பவை, திசு வளர்ப்பில் பெருக்குபவை. ஒட்டு இல்லை. விளாதிமிர்க்காரர்கள் பக்கக்கன்றைப் பிடுங்கி நட்டதன் இன்றைய வடிவம் இது. குட்டையாக நிற்பதால் இன்னொரு லாபமும் வந்தது. ஏணி வேண்டாம். போலந்தில் கரண்ட் பழப் பற்றைகளுக்காகச் செய்த அறுவடை இயந்திரங்களை அப்படியே இவற்றின் வரிசைகளில் ஓட்டலாம். தொந்தரவும் உண்டு. புல்வெளிச் செர்ரியின் பிள்ளைகள் அல்லவா, வேர்க்கன்று விட்டுப் பக்கத்து வளவுக்குள் போய்விடும். பனிக்கு அடியில் எலி சுரங்கம் போட்டுத் தண்டின் தோலை வட்டமாகக் கொறிக்கும்; பனி உருகிய பிறகுதான் தெரியவரும். பழம் சிவக்கத் தொடங்கினால் ராபின் பறவைகளுக்கு யாரும் சொல்லி அனுப்பத் தேவையில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, என் கதைக்கு அடங்காத ஒன்றையும் சொல்லவேண்டும். எட்மண்டன் பக்கத்தில், ஒரு மூதாட்டியின் பண்ணையில், 1920கள் முதல் செர்ரி நின்றது. பற்றை அல்ல, மரம். நாலு மீற்றர் வரை. விஞ்ஞானி எவரும் தொடவில்லை, எந்த நிலையமும் வெளியிடவில்லை. ஆண்டுதோறும் வாளி வாளியாகக் காய்த்தது. 1976இல் ஆல்பர்ட்டா விவசாயத் துறையில் தாவர நோய் நிபுணராக இருந்த இயுவான் எவன்ஸ் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். தோட்டம் அழியவிருந்த நேரம். பக்கக்கன்றுகளைத் தோண்டி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தார், பண்ணைகளுக்குக் கொடுத்தார். இன்று அது எவன்ஸ் செர்ரி. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் பாலி என்ற பெயரில் விற்கிறார்கள்.

சஸ்கட்டூனில் சுவரோரம், காற்றுப் படாத மூலையில் எவன்ஸ் நன்றாகவே வருகிறது. மரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு அதைக் கொடுக்கிறேன். மோசமான குளிர்காலம் ஒன்று வந்தால் பனிக்கு மேலே இருந்த தண்டு செத்துப்போகும் என்றும் சொல்லியே கொடுக்கிறேன். மே மாதக் கடைசிவரை பொறுத்து, செத்ததை அடியோடு வெட்டிவிட்டால், வேரிலிருந்து ஐந்தாறு தண்டு கிளம்பும். ஒட்டுக் கட்டாத செடி என்பதால் கிளம்புவதும் எவன்ஸ்தான்; மூன்றாம் வருடம் பழம் தரும். அவற்றில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டினால் திரும்பவும் மரம். பெரும்பாலானவர்கள் வெட்டுவதில்லை.